வரிசை எங்கே தேங்குகிறது? – இயங்குதளம், வலையமைப்பு கேள்வி பதில்

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயங்குதளமும் (கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள்) வலையமைப்பும் சொல்லித் தருகிறேன். இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் தகவல் எங்கே போய்க் காத்துக் கிடக்கிறது என்று தேடுவதுதான் என் ஆராய்ச்சி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன் சார். மகன் போட்டோக்களை அப்லோடு செய்தால் என் வீடியோ கால் திக்கித் திக்கி வருகிறது. பெரிய பிளானுக்கு மாறிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில் கணினியில் பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, அப்லோடு இல்லாதபோதும் நடக்கும்போதும் வரும் மில்லி விநாடிக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 என்று இருந்தது 800, 1000 என்று எகிறினால், ரூட்டருக்குள் வரிசை தேங்குகிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகள் ஏறும் வேகம் அவ்வளவுதான். கீழே எவ்வளவு இடம் விட்டாலும் வரிசை நீளுமே தவிர, யாரும் சீக்கிரம் மேலே போய்விட முடியாது. நினைவகம் மலிவானதும் ரூட்டர்களிலும் இப்படித்தான் வரிசைக்கு இடத்தை வாரி வழங்கிவிட்டார்கள். இணையத்தில் தகவலை அனுப்பும் விதிமுறையான டி.சி.பி., பெரும்பாலும் பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) தொலைந்தால்தான் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். நீளமான வரிசையில் எதுவும் சீக்கிரம் தொலையாது, அதனால் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் குரல் அந்தப் போட்டோக்களுக்குப் பின்னால் நிற்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

இதைச் சரிசெய்ய 2012-இல் வலையமைப்பு ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை; ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி விநாடி நேரம் 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், ஒரு பாக்கெட்டை வீசிவிடும். அனுப்புகிறவருக்கு அதுவே சேதி. இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் ரூட்டரில் இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்.க்யூ.எம். என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, உண்மையில் கிடைக்கும் அப்லோடு வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் பிளானை யோசிக்கலாம்.

கேள்வி: ரேமை 8 ஜி.பி.யில் இருந்து 16 ஆக்கினால் இணையம் வேகமாகுமா?

ஆகாது. நிறைய டேப் திறந்து வைக்கிறவர் என்றால் கணினி இலகுவாக ஓடும், அவ்வளவுதான்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. எடைக் கணக்கை சேவ் செய்த அடுத்த நொடி கரண்ட் போய்விட்டது. திரும்பப் பார்த்தால் கடைசி இரண்டு பேருடைய வெள்ளிக் கணக்கைக் காணோம். சேவ் செய்தது பொய்யா?

பொய் இல்லை அண்ணா, பாதி வேலை. சேவ் கொடுத்ததும் தகவல் முதலில் நினைவகத்தில்தான் உட்காரும். வட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஓடினால் எல்லாமே மந்தமாகிவிடும் என்பதால் இயங்குதளம் சேர்த்து வைத்து எழுதும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடி வரைகூட அது காத்திருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் பழைய கணினி ஒன்றில் எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டு, நடுவில் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். "எழுதியாச்சு" என்று திரையில் வந்த வரிகள் மறுபடி போட்டால் இருக்காது. தகவலை உடனே வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் என்ற அழைப்பை நிரலில் சேர்த்த பிறகு இருந்தன. உங்கள் மென்பொருள் செய்தவரிடம் அந்த அழைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை ஒரு யு.பி.எஸ். வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு மாணவன் சார். லினக்ஸ் வந்தே 30 வருடம் தாண்டிவிட்டது. இதில் ஆராய இன்னும் என்ன இருக்கிறது?

தம்பி, 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவில் 400 கெஜம்தான் தூரம். விநாடிக்கு 32,000 பிட் போன இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. ஏன் என்று ஜேக்கப்சன் அளந்து பார்த்ததில் பிறந்ததுதான் 1988-இல் அவர் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாடு. கண்ணெதிரே கெட்டுப்போன ஒன்றை அவர் விடாமல் அளந்தார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பாடம் நடத்துவதற்காக எழுதிய எக்ஸ்.வி.6 சின்ன இயங்குதளம். ஒரு பருவத்தில் முழுதும் படித்துவிடலாம். அதைத் தொடங்கு. கூடவே ஒரு வாரம் மாலை 6 மணிக்கும் இரவு 11 மணிக்கும் உன் ஹாஸ்டல் வைஃபையில் பிங் எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு வா. அந்த எண்களை வைத்து உட்கார்ந்து பேசலாம்.