பழைய அமெரிக்க வெள்ளி டீபாட்ல 'காயின்'னு முத்திரை இருந்தா என்ன அர்த்தம்?

1800கள்ல செஞ்ச டீபாட் விற்பனைக்கு வந்தா அடியில இந்த முத்திரைய பாக்கலாம், 1000 பங்குல சுமார் 900 வெள்ளி, மிச்சம் செம்புனு அர்த்தம். அப்போ அமெரிக்காவுல வெள்ளிச் சுரங்கம் பெருசா இல்ல, நெவாடாவுல காம்ஸ்டாக் வெள்ளி கிடைச்சதே 1859ல தான், அதனால தட்டாருங்க காசையும் பழைய பாத்திரத்தையும் உருக்கித்தான் செஞ்சாங்க, நம்ம வீட்டுல பழைய கொலுசை அழிச்சு புதுசு பண்ற மாதிரி. செம்பு சேக்கலேன்னா நசுங்கிடும். தங்கத்துல 916 பாக்குறோம்ல, அதே கணக்கு, இங்க 900, 'ஸ்டெர்லிங்'ங்கிற இன்னொரு வெள்ளித் தரம்னா 925. இங்கிலாந்து மாதிரி நாடு முழுக்க ஹால்மார்க் கிடையாது, செஞ்சவரோட பேர் முத்திரை தான் காரண்டி (விலையும் பெரும்பாலும் அதை வச்சுதான்). 'ஸ்டெர்லிங்'னு இல்லேன்னா போலினு பலபேர் ஒதுக்கிடுறாங்க, அது தப்பு, 'ஈபிஎன்எஸ்' (நிக்கல் கலவை மேல வெள்ளி முலாம்) மாதிரி முத்திரை இருந்தா தான் வெறும் முலாம்.