ரீபோர் செய்த (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிய) பழைய கார் எஞ்சினின் கம்ப்ரஷன் ரேஷியோவை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்ரஷன் கேஜ் காட்டும் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 ஆல் வகுத்தால் போதுமா?

போதாது. பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்த இடம், அது உச்சிக்கு வந்ததும் மிஞ்சுகிற இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. உங்கள் பத்மினி காருக்கு கேஜ் 150 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டியது, வகுத்தால் பத்து சொச்சம் வருகிறது, அதனால் ரேஷியோ பத்து என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். காற்றை வேகமாக அமுக்கும்போது அது சூடாகி அழுத்தம் கூடும். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் கொஞ்சம் குறையும். பேட்டரி சோர்ந்திருந்தால் இன்னும் குறையும். ஒரு சிலிண்டரை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேஜ்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வாங்கின அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இன்னும் என்னிடம் ஓடுகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் விட்டு 40 ஓவர்சைஸ் (சுமார் 1 மில்லிமீட்டர் அகலமாக) ரீபோர், புது பிஸ்டன், சிலிண்டருக்கு மேல் மூடியான ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுகிற ஹெட் ஃபேசிங் எல்லாம் செய்தேன். கேஜ் 165 காட்டியது. "புது எஞ்சின் மாதிரி இருக்குதுங்க" என்றார்கள். நானும் சந்தோஷமாக ஓட்டி வந்தேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு பண்ணாரி போய்க் கும்பிட்டுவிட்டு, அப்படியே திம்பம் மலைப்பாதை ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் தகர டப்பாவில் சரளைக்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும், மிதித்தால் மறுபடி. பட்டறையில் கேட்டதற்கு "டாப்பெட் சத்தமுங்க, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள். அப்புறம் பிளக் பொறி விடுகிற டைமிங்கைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார்கள். சத்தம் குறைந்தது. வண்டிக்கு இழுவையும் போய்விட்டது, சூடும் ஏறியது.

மனசு கேட்காமல் நானே ஹெட்டைக் கழற்றி அளந்தேன். என் தங்கச்சி வேதியியல் டீச்சர், 50 மில்லிலிட்டர் பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) ஒன்று ஏற்பாடு செய்து கொடுத்தாள். பெயர்ப்பலகைக் கடையில் தடிமனான அக்ரிலிக் துண்டு வாங்கி, ஓரமாக ஒரு துளை போட்டேன். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்கை மாட்டி, வால்வு விளிம்பிலும் அக்ரிலிக் அடியிலும் லேசாகக் கிரீஸ் தடவி, துளை மேலே வருகிற மாதிரி ஹெட்டைச் சற்றுச் சாய்த்துக்கொண்டேன். மண்ணெண்ணெயில் துளி சிவப்பு பவர் ஸ்டீயரிங் ஆயில் கலந்து, பியூரெட்டிலிருந்து துளை வழியாக விட்டால் நன்றாகத் தெரியும். ஹெட்டில் பெட்ரோல் எரிகிற குழிதான் சேம்பர், இந்த எஞ்சினில் அது இதய வடிவத்தில் இருக்கும். சிவப்பு மெல்ல மெல்ல ஏறி அந்த இதயம் நிறைவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசிக் குமிழி துளை வழியாக வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். "அண்ணா, நின்னுக்கிட்டுப் பாக்காதீங்க, கண்ணை மட்டத்துக்கு இறக்குங்க" என்றாள் தங்கச்சி. குனிந்து பார்த்தால் அரை சிசி வித்தியாசம்!

மூன்று சேம்பர் 38 சிசி வந்தது. இரண்டாவது மட்டும் 39 சொச்சம். அதில் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு உள்ளே அதிகமாக இறங்கி உட்கார்ந்திருந்தது.

கணக்கு இதுதான். ரீபோருக்குப் பிறகு போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 74.04 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 88.9. ஒரு சிலிண்டருக்கு 382.8 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக் மட்டத்துக்கு 0.9 மில்லி கீழே இருந்தது, அது 3.9 சிசி. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அமுங்கின கேஸ்கெட் 0.9 மில்லி கனம், ஓட்டை 76 மில்லி, அது 4.1. சேம்பர் 38ஐயும் சேர்த்தால் 46. இந்த 46ஐ 382.8 உடன் கூட்டி, மறுபடி 46 ஆல் வகுத்தால் 9.3. அந்தக் காலத்துக் குறைந்த ஆக்டேன் (சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்ளும்) பெட்ரோலுக்காக ஏழும் சொச்சமுமாக இருந்த எஞ்சின் இது! ரேஷியோ இப்படி ஏறினால் அமுக்கத்தில் பெட்ரோல் தானாகவே பற்றி வெடிக்கும், திம்பத்தில் கேட்ட சத்தம் அதுதான்.

காரணம் ரீபோர் மட்டும் இல்லை. பழைய பிஸ்டனுக்குத் தலையில் குழி இருந்திருக்கிறது, இவர்கள் போட்டது தட்டைத்தலை. பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சின்னப் பையனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பழைய பிஸ்டன்களை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பிச்சி காலத்துச் சாமான்! அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

7 சிசி குழியுள்ள பிஸ்டன் செட் தேடிப் பிடித்துப் போட்டேன். 46 இப்போது 53, ரேஷியோ 8.2. டைமிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாகிவிட்டது, சாதாரண பெட்ரோலில் திம்பம் சத்தமில்லாமல் ஏறுகிறது. இருக்கிற பிஸ்டனையே லேத்தில் குடைந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தலையின் கனம் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள்.

முதல் ரிங்குக்கு மேலே இருக்கிற இடுக்கைக் கணக்கில் விட்டுவிட்டாய் என்று படித்தவர்கள் சொல்லலாம். உண்மைதான். அது ஒரு சிசிக்கும் குறைவு, விடையை ரொம்ப மாற்றாது. நான் மெக்கானிக்கல் படித்தவன் இல்லை, மஞ்சள் விவசாயி. ஆனால் அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முகூர்த்தம் வந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. இது வேலைக்கு நின்ற நான்கு மாதத்தில் "என்னாச்சு" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

உங்கள் பத்மினிக்கு 68 போர், 75 ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு 272.4 சிசி. 1 மில்லி ஓவர்சைஸ் என்றால் 280.4. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் ரேஷியோ 0.2 அளவுக்குத்தான் கூடும். ஹெட்டை எத்தனை முறை ஃபேசிங் செய்தார்கள், பிஸ்டன் தலை பழையது போலவே இருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். பழைய பிஸ்டன் இன்னும் பட்டறையில் கிடந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.