சின்ன டீமை ஏன் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்? ஆன் ஆர்பருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருந்தது இது: "எம்.எஸ். படிக்க மிச்சிகன் வந்து மூன்று வாரம் ஆகிறது. லேபில் எல்லாரும் ஃபுட்பால் அட்டவணையைப் பற்றியே பேசுகிறார்கள். சோப்ளாங்கி டீம்களை விலைக்கு வாங்கி அடிப்பது கேவலம் என்கிறார் ஒருவர், அதுதான் புத்திசாலித்தனம் என்கிறார் இன்னொருவர். யாரோடு ஆடுவது என்பதை டீமே முடிவு செய்யுமா அண்ணா? மாணவர் டிக்கெட் வாங்கலாமா?"

டிக்கெட் வாங்குங்கள். மற்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

இங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம். சீசனுக்கு 12 ஆட்டம். மிச்சிகன் இருப்பது பிக் டென் கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. பெயரில்தான் பத்து, 2024 முதல் அதில் 18 டீம். அவர்களுக்குள் ஆட வேண்டிய 9 ஆட்டத்தை கான்ஃபரன்ஸே போட்டுக் கொடுத்துவிடும். மிச்சமிருக்கும் மூன்றுக்கு ஆள் பிடிப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. உங்கள் லேபில் நடக்கும் சண்டை இந்த மூன்றுக்காகத்தான்.

நம் ஊரில் வாலிபால் டோர்னமென்ட் நடத்தினால் வருகிற டீம் நுழைவுக் கட்டணம் கட்டும். இங்கே தலைகீழ். பெரிய டீம் சின்ன டீமுக்குச் செக் கொடுத்துத் தன் மைதானத்துக்கு அழைக்கும். திரும்ப அவர்கள் ஊருக்குப் போய் ஆட வேண்டியதில்லை. பெரிய டீமும் பெரிய டீமும் ஆடுவதென்றால் அது மொய்க் கணக்கு. இந்த வருடம் நீ என் வீட்டுக்கு வா, அடுத்த முறை நான் உன் வீட்டுக்கு வருகிறேன். மிச்சிகனும் டெக்சஸும் இப்படி எழுதிக்கொண்டது 2014இல். முதல் ஆட்டம் நடந்தது 2024இல், ஆன் ஆர்பரில். அன்றைக்கு மைதானத்தில் ஓடிய பிள்ளைகளில் பலர் கையெழுத்துப் போட்டபோது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து எந்த டீம் பலமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மிச்சிகன் 31-12 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. 2027இல் நம்மவர்கள் டெக்சஸின் ஊரான ஆஸ்டின் போய் மொய் திருப்ப வேண்டும்.

செக் கொடுத்துக் கூப்பிடுவதில் பெரிய டீமுக்கு நஷ்டமே இல்லை. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சொந்த ஊரில் ஓர் ஆட்டம் கூடினால் டிக்கெட், பார்க்கிங், தீனி என்று வந்து குவியும் காசில் அந்தச் செக் ஒரு ஓரம். ஆன் ஆர்பர் ஓட்டல்காரர்களும் ஆட்ட நாளை எண்ணித்தான் காலண்டரைப் புரட்டுகிறார்கள். 2024இல் இங்கே 8 ஆட்டம் நடந்தது, 2025இல் 6தான். ஓக்லஹோமாவுக்கு நாம் போக வேண்டிய முறை, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களிலும் ஐந்து வெளியூர். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பயந்தே பல டீம்கள் மூன்று இடத்தையும் உள்ளூர் ஆட்டமாக நிரப்பிக்கொள்கின்றன.

இப்போது என் கதை. நான் வந்தது 2007 கோடையில். செப்டம்பர் 1 சனிக்கிழமை, சீசனின் முதல் ஆட்டம். ஆபீஸில் மேலாளர் கூப்பிட்டு, "எங்களால் போக முடியவில்லை, ஏதோ சின்னக் காலேஜ்தான், நீ போய் ஸ்டேடியத்தையாவது பார்த்துவிட்டு வா" என்று டிக்கெட்டைக் கையில் திணித்தார். அந்தச் சின்னக் காலேஜ் அப்பலாச்சியன் ஸ்டேட். வட கரோலினாவில் பூன் என்ற மலையூர். மிச்சிகன் அப்போது நாட்டின் 5ஆம் இடத்து டீம். அவர்களோ ஒரு படி கீழே உள்ள பிரிவு. இவர்களுக்கு 85 உதவித்தொகை வீரர்கள் என்றால் அவர்களுக்கு 63. வந்து தோற்றுவிட்டுப் போக 4,00,000 டாலர்.

எனக்கு ஒரு விதியும் தெரியாது. பக்கத்தில் இருந்த தாத்தா கத்தினால் கத்துவேன், அவர் தலையில் கை வைத்தால் நானும் வைப்பேன். கடைசி விநாடிகளில் 34-32 என்று பின்தங்கியிருந்த மிச்சிகன், ஜெயிக்க 37 கஜத்திலிருந்து ஓர் உதை உதைத்தது. கோரி லின்ச் என்ற பையன் குறுக்கே பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. "ரெண்டு பாயின்ட்தானே, நல்லா ஆடினாங்க" என்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பூனில் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலில் போட்டார்கள் என்று பிறகு படித்தேன்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் என்பதால், சின்ன டீமைக் கூப்பிடாதே என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தச் செக்கில்தான் பல சின்னக் கல்லூரிகளில் நீச்சலும் தடகளமும் ஓடுகின்றன. ஆனால் அதற்கும் ஓர் அளவு வேண்டும். 2012இல் சவான்னா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி, அடுத்தடுத்த இரண்டு வாரம் இரண்டு பெரிய டீம்களிடம் போனது. ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0. ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0, அதுவும் இடி மின்னல் வந்து ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியதால் 55. இரண்டுக்கும் சேர்த்து 8,60,000 டாலர். கொடுத்தவன் கணக்கும் சரி, வாங்கியவன் கணக்கும் சரி. ஆனால் அடி வாங்கினது பத்தொன்பது வயசுப் பிள்ளைகள்.

மிச்சிகனும் யோக்கியமில்லை. 2022இல் கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள மூன்று ஆட்டமும் சொந்த மண்ணில்தான்: கொலராடோ ஸ்டேட் 51-7, ஹவாய் 56-10, கனெக்டிகட் 59-0. மூன்றாவது கால்பகுதிக்குள் பக்கத்து வரிசை காலியாகும், பெஞ்சில் காலை நீட்டிக்கொள்ளலாம். 2023இலும் அதே பாணி, அந்த வருடம் 15 ஆட்டத்தில் ஒன்றும் தோற்காமல் தேசியப் பட்டமே வென்றார்கள்! உங்கள் லேபின் புத்திசாலி மனிதர் இதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். அவரிடம் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக டீம் கதையைக் கேளுங்கள். அந்த இரண்டு வருடங்களில் யு.சி.எல்.ஏ.வோடு மொய் ஆட்டம் ஆடுவதாக இருந்தது, 2019இல் மிச்சிகனே ரத்து செய்தது. 2024இல் யு.சி.எல்.ஏ. பிக் டென்னில் வந்து சேர்ந்துவிட்டது. சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன வீட்டோடு இப்போது ஒரே பந்தி.

சீசன் முடிந்ததும் தேசியப் பட்டத்துக்கு நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப், 12 டீமாக விரிந்தது 2024இல். இனி ஒரு தோல்வி ஆளைக் கொல்லாது, தைரியமாகப் பெரிய டீமோடு மோதலாம் என்றார்கள். அந்த வருடமே நோட்ர டேம், 14 லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்ட நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 தோற்றது, பிறகும் இறுதி ஆட்டம் வரை போனது. மறு வருடம் டெக்சஸ் முதல் வாரமே கொலம்பஸ் போய் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 தோற்று, 9 வெற்றி, 3 தோல்வி என்று முடித்து, பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. "பார்த்தாயா, பெரிய டீமோடு ஆடியதற்குத் தண்டனை" என்று ஒப்பாரி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். வருடக் கடைசியில் 4-8 என்று முடித்த ஃப்ளோரிடாவிடமும் அவர்கள் தோற்றார்கள். அதை ஜெயித்திருந்தால் கொலம்பஸ் தோல்வியை யார் கேட்டிருப்பார்?

என்னைக் கேட்டால், மூன்றில் ஒன்று நான் ஜெயிப்பேனா என்று வயிற்றைக் கலக்க வேண்டும். அதுவும் மொய் முறையில், அவரவர் மைதானத்தில். மூன்றாம் ஊரில் வாடகை ஸ்டேடியம் எடுத்து ஆடுவதில் எனக்கு ஈடுபாடில்லை. 2012இல் அலபாமாவோடு டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் ஆடி 41-14 வாங்கினோம். காசு வந்திருக்கும், ஆன் ஆர்பர் மாணவன் எத்தனை பேர் பார்த்தான்? இன்னொன்று, செக் கொடுப்பதென்றால் பக்கத்து ஊருக்குக் கொடுக்கலாம். ஈஸ்டர்ன் மிச்சிகன் இதோ இப்சிலான்டியில். டொலீடோ ஒரு மணி நேரத்துக்குள். அப்பா அம்மா காரில் வந்து பிள்ளை ஆடுவதைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். அவர்களைச் சாதாரணமாகவும் நினைக்காதீர்கள், 2008இல் இதே மைதானத்தில் டொலீடோ நம்மை 13-10 என்று சாய்த்தது. மூன்றாவது இடத்துக்கு நடுத்தர டீம் யாராவது போதும், அதற்காக நான் சண்டை போட மாட்டேன். வரிசை முக்கியம்: பக்கத்து வீட்டுக்காரன் முதல் வாரம், பெரியவன் இரண்டாம் வாரம். டெக்சஸும் ஓக்லஹோமாவும் இரண்டாம் வாரம்தான் அமைந்தன. தென்பக்க டீம்கள் நவம்பரில் போய் ஒரு சோப்ளாங்கியைச் செருகிக்கொள்கின்றனவே, அது பரீட்சை நடுவில் லீவு எடுக்கிற மாதிரி.

லேபில் பேச்சு வந்தால் கட்சி சேராமல், "அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டத்தன்று எங்கே இருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வயதான மிச்சிகன்காரர் என்றால் அரை மணி நேரம் உங்களுக்கு வேலையில்லை.

மாணவர் டிக்கெட் வாங்கியதும் சின்ன டீம் ஆட்டத்துக்கு முதலில் போங்கள். நெருக்கடி இருக்காது, பக்கத்தில் இருப்பவர் பொறுமையாக விதி சொல்லித் தருவார். முதுகுப் பையோடு போகாதீர்கள், வாசலில் விட மாட்டார்கள். மதிய ஆட்டமென்றால் செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி அவசியம். பயனியர் உயர்நிலைப் பள்ளி பார்க்கிங்கில் காலையிலிருந்தே கார் டிக்கியைத் திறந்து வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே எங்கள் கூட்டமும் இருக்கும், தக்காளி சாத வாசனையைப் பிடித்து வந்துவிடலாம். எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் விதி தெரியாது, அதனால் கூச்சப்பட வேண்டாம்.