பக்கத்துக் கோட்டில் ஓடும் பிள்ளையைப் பார்க்காதீர்கள்: சிறுவர் விளையாட்டு, பெற்றோர் கேட்டவை

பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்விகள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: “மற்றப் பிள்ளை செய்யுது, என்ர பிள்ளை ஏன் செய்யேல்ல?” திருகோணமலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில், இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேர், என் மகன் முதலாம் தரம், 6 வயது. பள்ளிக்கூடப் போட்டியில் 50 மீற்றர் ஓட்டத்தில் கடைசியாக வந்தான். என் அக்காவின் மகனும் அதே வகுப்பு, அவன் முதலாவது. வீட்டில் எல்லோரும் இருவரையும் பக்கத்தில் நிறுத்தித்தான் பேசுகிறார்கள். இவனுக்கு ஓட்டம் வராதா? (ஒரு தாய், உப்புவெளி)

முதலில் இரண்டு பேரும் எந்த மாதம் பிறந்தவர்கள் என்று பாருங்கள். நம் நாட்டில் முதலாம் தரத்தில் சேர ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதனால் பெப்ரவரியில் பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தது, அடுத்து வரும் ஜனவரியில் பிறந்தது இளையது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. 30 வயதில் ஒரு வருடத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். 6 வயதில் அது பிள்ளை வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. கால் நீளம், தசைப் பலம், விசில் கேட்டதும் புறப்படும் சுறுசுறுப்பு எல்லாவற்றிலும் அது தெரியும்.

கனடாவில் இளையோர் ஐஸ் ஹொக்கி அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதை 1980களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அங்கே வயதுப் பிரிவைக் கணக்கிடுவது ஜனவரி 1இலிருந்து. மூத்த பிள்ளை உருவத்தில் பெரிதாக இருக்கும், அணிக்குத் தெரிவாகும், தெரிவானதால் கூடுதல் பயிற்சியும் கிடைக்கும். ஒரு சில மாத வித்தியாசம் இப்படித்தான் ‘திறமை’ என்று பெயர் எடுக்கிறது. அதன் பிறகு உதைபந்தாட்டம் உட்பட வேறு பல விளையாட்டுகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள்.

உங்கள் மகனும் அக்காவின் மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்களாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஒவ்வொரு உடம்பும் தன் கணக்கில்தான் வளரும். 6 வயதில் வரும் இடத்தை வைத்து 16 வயதில் யார் ஓடுவார் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

அடுத்த தடவை அவன் ஓடும்போது எத்தனையாவது என்று பார்க்காமல் அவனுடைய தலையையும் கைகளையும் பாருங்கள். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் பக்கத்துக் கோட்டில் ஓடுகிறவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். தலை திரும்பினால் தோளும் திரும்பும், கால் நேர்கோட்டை விட்டு விலகும். சிலர் முடிவுக்கோட்டுக்கு நாலு எட்டு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து அம்மா எங்கே நிற்கிறார் என்று தேடுவார்கள். இதெல்லாம் விளையாட விளையாடச் சரியாகும். நீங்கள் கோட்டுக்குப் பத்தடி பின்னால் தள்ளி நின்று “என்னட்ட ஓடி வா” என்று கூப்பிட்டாலே கடைசி நாலு எட்டும் மாறிவிடும்.

பயிற்சி என்று தனியாக எதுவும் வேண்டாம். உப்புவெளிக் கடற்கரை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பின்னேரம் ஈர மணலில் கோடு கீறி, அயல் பிள்ளைகளைச் சேர்த்துக் கிளித்தட்டு மறிக்க விடுங்கள். சட்டென்று நின்று, உடம்பை வெட்டி, திசை மாற்றி ஓட அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாடம் என்று பிள்ளைக்குத் தெரியாமலே நடக்கும். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிளித்தட்டில் அது தன்னாலே நிறையும்.

அளந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மாதம் ஒரு தடவை நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் பாயச் சொல்லுங்கள். குதி விழுந்த இடம் வரை உங்கள் காலடியால் அளந்து கலண்டரில் எழுதுங்கள். அவனுடைய காலடியால் அளந்தால் கணக்குப் பிழைக்கும், அந்தக் கால் வளர்ந்துகொண்டே போகும்! போன மாதத்தைவிட அரை அடி கூடினால் அவனிடம் காட்டுங்கள். அந்தக் கலண்டரில் அக்கா மகனின் பெயர் வரவே கூடாது. அவனையும் இந்தப் பேச்சிலிருந்து காப்பாற்ற வேண்டும். முதலாவதாக வருவதால் மட்டும் கொண்டாடப்படுகிற பிள்ளை, மற்றவர்கள் வளர்ந்து எட்டிப் பிடிக்கிற வருடத்தில் விளையாட்டையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு 4 வயது. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கெந்துகிறார்கள், பந்து பிடிக்கிறார்கள். இவள் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். (தாய், உவர்மலை)

4 வயதில் கண்ணை மூடுவது வழமை. ஒற்றைக் காலில் கெந்துவது பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில்தான் கைவரும். பந்தைக் கைவிரல்களால் பிடிப்பது அதற்கும் பிந்தித்தான் வரும். அதுவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிப்பார்கள். பலூனில் தொடங்குங்கள். அது மெதுவாக இறங்கும், முகத்தில் பட்டாலும் நோகாது. கண் திறந்திருக்கப் பழகிய பிறகு ஒரு சோடி காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கிக் கிட்ட நின்று போடுங்கள்.

வேறு சில அடையாளங்களைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பாவிப்பது, நிலத்திலிருந்து எழும்பக் கையைத் தொடையில் ஊன்றி ஏறுவது, காரணமில்லாமல் அடிக்கடி விழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வளர்ச்சிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். அந்தப் புத்தகத்தில் பிள்ளைக்கென்று ஒரு கோடு ஏறிக்கொண்டு போகும் அல்லவா? மிட்வைஃப் பார்ப்பது அந்தக் கோட்டின் போக்கைத்தான்.

மகனுக்கு 8 வயது, கிரிக்கெட்டில் நல்ல கெட்டிக்காரன். இப்போதே மற்ற விளையாட்டுகளை நிறுத்தி ஒவ்வொரு நாளும் பந்துவீச்சுப் பயிற்சிக்கு அனுப்பாவிட்டால் மற்றப் பொடியன்கள் முந்திவிடுவார்கள் என்கிறார்கள். கொஞ்ச நாளாகக் குதிக்கால் நோவு என்றும் சொல்கிறான். (தந்தை, லிங்கநகர்)

குதிக்கால் நோவிலிருந்து தொடங்குவோம், மற்றதெல்லாம் பிறகு. 8 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குதிக்கால் எலும்பின் பின்பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். பின்கால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த தசைநார் வந்து பிடித்திருப்பது அந்த இடத்தில்தான். ஓட்டமும் பாய்ச்சலும் கூடினால் அங்கே இழுபட்டு நோகும். முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டிலும் இதே மாதிரி வரும், அது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் மாறிவிடும். நொண்டினால், வீங்கினால், இரவில் நோவால் எழும்பினால் காட்டத்தான் வேண்டும். எண்ணெய் தேய்த்துவிட்டு அடுத்த நாள் மைதானத்துக்கு அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

அப்புறம், ஒரே விளையாட்டு என்ற கதை. ஒரு விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் சொன்ன ஆலோசனை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும் வேண்டும் என்கிறார்கள். ஒழுங்கான பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால், பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் மகனுக்கு 8 மணித்தியாலம்தான் உச்சம், அதுவும் எல்லா விளையாட்டும் சேர்த்து.

உசைன் போல்ட் சிறுவயதில் கிரிக்கெட் பைத்தியம். அவர் ஓடி வரும் வேகத்தைப் பார்த்து ஓட்டப் பக்கம் போகச் சொன்னது அவருடைய கிரிக்கெட் பயிற்றுநர். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று 8 வயதில் யாருக்குத் தெரியும்? கடலில் நீந்தட்டும், எல்லே (மட்டையால் பந்தடித்து ஓடும் நம் நாட்டு விளையாட்டு) அடிக்கட்டும், மரம் ஏறட்டும். பந்து எறியும் தோளுக்கு இதெல்லாம் வேலைக்கு வரும். முந்திவிடுவார்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில் போதும்: “முந்தட்டும்.”

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் வலைப்பந்தில் மாகாணம் வரை போனாள். இளையவளுக்கு 9 வயது, பந்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள். “தாத்தா மாதிரி எனக்கு ஏலாது” என்கிறாள். (ஓர் உம்மா, கிண்ணியா)

(மற்ற ஊர் வாசகர்களுக்கு: இங்கே தாத்தா என்பது மூத்த சகோதரி.)

உங்கள் இளைய மகள் தெளிவாகப் பேசியிருக்கிறாள். அவளுக்குப் பந்து பிரச்சினை இல்லை. பந்தைத் தொட்ட அன்றைக்கே தாத்தாவோடு நிறுத்துப் பார்க்கப்படுவோம் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். நீங்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் முன்னறையில் கண்ணாடி அலுமாரிக்குள் யாருடைய கிண்ணங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். சின்னவள் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வளர்கிறாள். கிண்ணங்களை மூத்தவளின் அறைக்கு மாற்றுங்கள். மூத்தவளிடம் காரணத்தைச் சொல்லியே செய்யுங்கள், அவளுக்குப் புரியும்.

வலைப்பந்தைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். சைக்கிள், கயிறடித்தல், நீளம் பாய்தல் என்று தாத்தாவின் பெயர் ஒட்டாத எதையாவது அவளே தெரிவு செய்யட்டும். தெரிவு செய்த பிறகு “நல்லாச் செய்தாய்” என்பதைவிட, கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: “நேற்று மூன்று தடவை கயிறு காலில் சிக்கினது, இன்றைக்கு இருபது வரை எண்ணினாய்.” இப்படிச் சொல்ல நீங்கள் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயம்.

சப்பாத்து வாங்க வேண்டுமா? வெறுங்காலோடு ஓடினால் பாதம் தட்டையாகிவிடுமா? (தந்தை, தம்பலகாமம்)

ஆகாது. 5, 6 வயது வரை பெரும்பாலான பிள்ளைகளின் பாதம் தட்டையாகத்தான் தெரியும், வளைவு பிறகு வரும். புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு ஓடுவது பாதத்துக்கு நல்லது. கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கிறதா என்று முதலில் ஒரு தடவை நடந்து பாருங்கள். விலை கூடிய சப்பாத்து வேகத்தைக் கூட்டாது. அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால் விழுத்தத்தான் செய்யும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விடுங்கள், தண்ணீர்ப் போத்தலோடு.

என் மகன், பேரன் விளையாடும்போது கோட்டோரம் நின்று கத்துகிறான். தோற்றால் வீடு வரும் வரைக்கும் ஓட்டோவுக்குள் அதே பேச்சு, “அவனைப் பார், எப்படி ஓடுறான்” என்று. நான் என்ன சொல்ல? (ஓர் அப்பப்பா, சாம்பல்தீவு)

ஐயா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. மகனைப் பேரனுக்கு முன்னால் கண்டிக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: பிள்ளை ஓட்டோவுக்குள் ஏறும்போது யார் பக்கத்தில் வந்து இருக்கிறான்? உங்கள் பக்கத்தில் என்றால், காரணம் உங்கள் மகனுக்கே விளங்கும்.

தோற்ற பிள்ளைக்குத் தோற்றது தெரியும். அந்த நேரம் உடம்பில் களைப்பு, தொண்டையில் அழுகை. பிழை திருத்தும் பேச்சு ஒன்றும் உள்ளே போகாது. போகிற வழியில் “தண்ணி குடிச்சியா? பசிக்குதா?” போதும். அவனாகப் பேச்செடுத்தால் கேளுங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். திருத்த வேண்டியது இருந்தால் பயிற்றுநர் அடுத்த பயிற்சியில் செய்வார், அது அவருடைய வேலை. கோட்டோரம் நின்று பெற்றோர் ஒன்று கத்த, பயிற்றுநர் வேறொன்று சொல்ல, நடுவில் பிள்ளை காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதை ஒவ்வொரு கிழமையும் மைதானத்தில் பார்க்கிறேன். மகனுக்குக் கத்தாமல் இருக்க முடியாவிட்டால், எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துக் கைதட்டச் சொல்லுங்கள். அதற்குப் பழகிவிடுவார்.

அண்ணாவின் பிள்ளைகள் நன்றாக நீந்துகிறார்கள். 5 வயது மகளை அவர்களோடு டச்சு பே கடற்கரையில் விட்டால் பார்த்துப் பழகிவிடுவாள்தானே? (தாய், திருகோணமலை நகரம்)

பழக மாட்டாள், ஆபத்து. நீச்சலைப் பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதளவில் கற்கத் தயாராகிவிடுவார்கள் என்பது உண்மை. கற்றுக்கொடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கரையில் போனோடு இருப்பவரைக் கணக்கில் எடுக்க முடியாது. மற்றப் பிள்ளைகளை நம்பியும் விடக் கூடாது. காற்றடைத்த டியூப் விளையாட்டுச் சாமான், உயிரைக் காக்காது.

நம் பக்கத்துக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை பொதுவாக அமைதியாக இருக்கும், தொடங்க அதுதான் காலம். மாரியில் வேண்டவே வேண்டாம். முதல் சில நாட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை நனைத்து, வாயால் குமிழி விட்டு, உங்கள் கையில் மல்லாந்து மிதக்கப் பழகட்டும். அண்ணாவின் பிள்ளைகள் ஆழத்துக்குப் போனால் போகட்டும், அவர்களோடும் ஒரு பெரியவர் போக வேண்டும். மகளோடு நீங்கள் கரையோரமே நில்லுங்கள்.