கேட்க வந்ததை முதல் வரியில் வையுங்கள்

மதுரை செல்லூர் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் வருவதைப் பற்றித் தெரு வாட்ஸப் குழுவில் அவ்வளவு நீளமாக எழுதியும் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்கிறீர்கள். அண்ணே, முழுசாகப் படித்தேன். 'திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்போம், வாங்க' என்ற வரி கடைசிப் பத்தியில் கிடக்கிறது. வாட்ஸப் அதற்கு முன்பே மடித்து 'மேலும் படிக்க' போட்டுவிடும், யார் தட்டுவார்? அதை மேலே ஏற்றுங்கள். அப்புறம், தண்ணீர் எத்தனை நாள், எத்தனையாவது படிவரை நின்றது என்பது. வெறுமனே சுருக்கினாலும் ஆகாது. 'நடவடிக்கை தேவை' என்பதும் சுருக்கம்தான், ஒன்றும் புரியாது. நீங்கள் அதில் எழுதிய, 1993 வெள்ளத்தில் உங்கள் அப்பா ஓட்டுமேல் உட்கார்ந்திருந்த கதை அருமை, சத்தியமாகக் கண் கலங்கியது. அதைத் தனியாக, இன்னும் நீளமாகவே எழுதுங்கள். மனு ஒரு பக்கம் போதும். அதில் கதவு எண்ணை மறந்துவிடாதீர்கள்.