கூர்ந்து கவனிக்கும் பழக்கம் விஞ்ஞானிகளுக்கும் போலீசுக்கும் மட்டும்தானா, சாதாரண வேலைகளுக்கும் பயன்படுமா?

"சாதாரண வேலை" என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். இல்லையென்றால் காப்பிப் பழம் எடுக்கிற நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நீங்கள் ஏதோ ஆபீஸில் இருக்கிறீர்கள், மேலே இருப்பவர் "உனக்குக் கவனமே பத்தாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார், அந்தக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை, என் பதில் மாறாது.

எனக்குக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம். காப்பி, மிளகு, ஊடே மலைவாழை. வாழைக்கு இங்கே எமன் என்றால் முடிக்கொத்து நோய்தான். வைரஸ் நோய். வாழையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற கறுப்பு அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. புது இலைகள் குட்டையாக, ஒடுங்கி, விறைத்துக்கொண்டு உச்சியில் கொத்தாக நிற்கும். தார் தள்ளாது. எங்கள் அப்பா காலத்தில் இந்த நோய் சரிவு சரிவாக மலைவாழையைத் துடைத்துப் போட்டதில்தான் பலர் வாழையையே விட்டுவிட்டுக் காப்பிக்கும் சௌசௌவுக்கும் மாறினார்கள்.

கொத்து விழுந்தபின் கண்டுபிடிப்பதில் ஒரு பெருமையும் இல்லை. காரில் போகிற டூரிஸ்டுக்கே அது தெரியும். அதற்கு வெகு முன்பே இலை சொல்லிவிடும். இலையைத் திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். நடு நரம்பை ஒட்டி, கிளை நரம்புகளின் மேலே, கரும்பச்சையில் சின்னச் சின்னப் புள்ளியும் கோடுமாகத் தெரியும், தந்தி அடித்த மாதிரி. சில கோடுகள் நடு நரம்புக்குள் கொக்கி போல வளைந்து இறங்கும். இலைக்காம்பிலும் இருக்கும். ஆனால் காம்பின் மேல் வெள்ளையாக மாவு பூசின மாதிரி ஒரு மெழுகு இருக்கிறதே, அதைப் பெருவிரலால் தேய்த்துத் துடைத்தால்தான் கண்ணுக்குப் படும். துடைக்காமல் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பவர்கள்தான் ஊரில் அதிகம்.

சில வருஷம் முன்னால் கீழேயிருந்து ஒரு வியாபாரி பிக்கப் வண்டியில் வாழைக்கன்று ஏற்றிக்கொண்டு வந்தார். விலை மலிவு. கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்தினதும் கூட்டம் கூடிவிட்டது. கன்றுகளில் இலையைப் பாதிக்கு மேல் கழித்திருந்தார்கள். நான் மிச்சமிருந்த இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாமா ஒருவர், "என்ன மாப்ளே, வாழைக்கு ஜாதகம் பார்க்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கன்றை எடுத்தேன். அதன் காம்பைத் தேய்த்தேன். கோடு. இன்னொன்று, அதிலும் கோடு.

வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணே, வண்டியில உரசின தழும்பு அது" என்றார். உரசின தழும்பு மேல்தோலில் இருக்கும், காய்ந்து பழுப்பாகும். இது உள்ளுக்குள்ளிருந்து தெரிகிற பச்சை. சொன்னேன். "படிச்சவங்களே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு மட்டும் தெரியுதா?" என்று ஒரு வார்த்தை விட்டார். நான் ஒரு கன்றும் வாங்கவில்லை. மாமா உட்படப் பலர் வாங்கினார்கள்.

அந்த லோடு முழுக்க நோய் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. வாங்கினவர்களில் சிலர் தோட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமா தோட்டத்தில் அடுத்த மழைக்குள் கொத்து தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆத்திரத்தில் அவர் நோய் மரங்களை அப்படியே வெட்டிச் சாய்க்கப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். முதலில் அசுவினியைக் கொல்ல மருந்து அடிக்க வேண்டும், அப்புறம்தான் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். வெறுமனே வெட்டினால் மரம் வாட வாட அசுவினி பக்கத்து மரத்துக்குக் குடிபோய்விடும். அதன்பின் மாமா ஜாதகம் பற்றிப் பேசுவதில்லை. கன்று வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

கருத்துப் பெட்டியில் யாராவது வந்து, "ஆய்வகத்தில் சோதிக்காமல் கண்ணால் பார்த்து வைரஸ் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்பார்கள். தாராளமாகச் சோதியுங்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது, எங்கள் பக்கம் தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. ஆனால் எந்த இலையைச் சோதனைக்கு அனுப்புவது என்று முதலில் ஒரு கண் சொல்ல வேண்டுமே! இதே நோய் ஆஸ்திரேலியாவில் வாழைத் தோட்டங்களை அழித்தபோது, 1920களில் மாகீ என்ற விஞ்ஞானி அசுவினிதான் பரப்புகிறது என்று நிரூபித்தார். நிரூபித்த பிறகும் அங்கே நோயை அடக்கினது எப்படி? ஆள் வரிசை வரிசையாக நடந்து பார்த்து, நோய் மரத்தைப் பிடுங்கித்தான்.

விஞ்ஞானிகள் என்றீர்களே, எங்கள் மலையிலேயே மேலே கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற யோசனையில் பிறந்தது. 1904-லிருந்து மேகம் விடுகிற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டே வருகிறார்கள். நேற்றைய சூரியன்தானே இன்றைக்கும் என்று யாரும் விட்டுவிடவில்லை. அங்கே வேலை பார்த்த எவர்ஷெட் என்பவர் 1909-ல் சூரியப் புள்ளிகளின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த ஒளிப்பட்டையைப் பார்த்தபோது, புள்ளியின் ஓரத்துப் பகுதியில் அந்தப் பட்டையின் கறுப்புக் கோடுகள் லேசாக இடம் நகர்ந்திருப்பதைக் கண்டார். அங்கே வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அவரும் கோட்டைத்தான் பார்த்தார், நானும் கோட்டைத்தான் பார்க்கிறேன் என்று மகனிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்கிறான்.

என் மனைவி சத்துணவு மையத்தில் சமைக்கிறாள். தட்டில் விழும் முட்டையைச் சட்டென்று பிடிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பெண் மட்டும் தட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துத்தான் எடுக்கும். டீச்சர் அந்தப் பிள்ளையை "மக்கு" என்றே முடிவு கட்டியிருந்தார். போர்டு தெரியாமல் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதியது அவருக்குக் காப்பி அடிப்பதாகத் தெரிந்தது. என் மனைவிதான் அம்மாக்காரியிடம் சொல்லிக் கண்ணைக் காட்டச் சொன்னாள். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பெண் பேசுகிற பேச்சு தாங்க முடியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் புத்திசாலிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல வாழையிலை எப்படி இருக்கும் என்று வருஷக்கணக்கில் பார்த்தவனுக்குத்தான் கெட்டது உறுத்தும். அதனால் உங்கள் மேலதிகாரி சொன்னதற்காக எல்லாவற்றையும் முறைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் கையில் தினமும் புழங்குகிற ஒன்றிரண்டை, எந்தக் குறையும் இல்லாதபோது நன்றாகப் பார்த்து வையுங்கள்.

கவனிப்பு என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பேர்போன விருப்பாச்சி வாழை எங்கள் மலைப்பழம். நீர்ச்சத்து குறைவு, அதனால்தான் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடுவதில்லை. சென்னையிலும் கோவையிலும் சமவெளியில் விளைந்த ஏதோ ஒரு பழத்தை "மலைவாழை" என்று அட்டை எழுதி மாட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நீங்களும் வாங்குகிறீர்கள். எங்களிடம் கேட்டால் மட்டும் "தோல் சுருங்கியிருக்கே, கறுத்திருக்கே" என்று பேரம். மலைவாழை பழுத்தால் தோல் சுருங்கத்தான் செய்யும், ஐயா. பளபளவென்று மஞ்சளாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அசல் வேண்டுமென்றால் பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ பஸ்ஸை விட்டு இறங்கிக் கேளுங்கள், காட்டுவார்கள். என் போன் நம்பரை இங்கே போட மாட்டேன், உள்பெட்டியிலும் கேட்காதீர்கள்.