சணல் வயலும் சூத்திரமும்

வணக்கம் ஐயா,

முதுகலைப் புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதா, இந்தியப் புள்ளியியல் பணிக்கான தேர்வை எழுதுவதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். அரசுப் பணிக்குப் போனால் படிவங்களோடும் அறிக்கைகளோடும் காலம் போய்விடும், ஆராய்ச்சியை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார் எங்கள் பேராசிரியர். கல்விப்புலம், பொதுப்பணி இரண்டிலும் சேர்ந்து இயங்கிய புள்ளியியலாளர் யாராவது உண்டா?

முதுகலை மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பேராசிரியரின் எச்சரிக்கை வேறு துறைகளுக்குப் பொருந்தலாம். புள்ளியியலுக்கு, அதிலும் இந்தியாவில் அது வளர்ந்த விதத்துக்கு, பொருந்தாது என்றே நினைக்கிறேன். இங்கே இத்துறையின் முதன்மையான சிந்தனைகள் சில, அரசாங்கம் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான் பிறந்தன.

பிரசாந்த சந்திர மகலனோபிஸின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர். 1915இல் ஊர் திரும்பும் வேளையில் அங்கே அறிமுகமான ஒரு புள்ளியியல் ஆய்விதழின் தொகுதிகளை வாங்கிவந்து கப்பலிலேயே படிக்கத் தொடங்கியவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தபடியே அவர் புள்ளியியலுக்குள் நுழைந்தார். 1926இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். ஏறத்தாழ 60 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை என்று காட்டி, மேற்பகுதியில் அணை கட்டி உபரி நீரைத் தேக்குவதே வழி என்றார். 1931 டிசம்பரில் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அக்கல்லூரியில் அவர் நடத்திவந்த சிறு ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்ததே.

உங்கள் கேள்விக்கு நேரான விடை வங்காளத்துச் சணல் கணக்கெடுப்பில் இருக்கிறது. எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்பதை, எல்லா நிலத்தையும் அளக்காமல் சில இடங்களை மட்டும் தேர்ந்து பார்க்கும் மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிடும் சோதனை 1937இல் சிறிய அளவில் தொடங்கி, ஆண்டுதோறும் விரிந்து, 1941இல் மாகாணம் முழுவதையும் எட்டியது. முன்னோட்டக் கணக்கெடுப்பு நடத்தி, அதில் தெரியவரும் செலவையும் பிழையையும் கொண்டு அடுத்த ஆண்டின் திட்டத்தை வகுக்கும் முறை இப்படித்தான் உருப்பெற்றது. வயல்வயலாக நடப்பவர் களைத்துப்போவார், எல்லையைத் தவறாகப் பார்ப்பார், சில சமயம் போகாத இடத்துக்கும் எண்ணை எழுதிவிடுவார். இந்தப் பிழைகளை எந்த நிகழ்தகவுச் சூத்திரமும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்காக மகலனோபிஸ் ஒரு வழி கண்டார். ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து, இரண்டு குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும். இரு விடைகளும் எதிர்பார்க்கும் அளவுக்கு மேல் விலகினால், மனிதக் கை எங்கோ தவறியிருக்கிறது என்று பொருள். ஊடுருவும் துணைமாதிரிகள் என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் கருத்து இதுதான். களத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கிய ஒருவருக்கே இது தோன்றியிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

மகலனோபிஸ் சொன்னதையும் எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. விளைச்சலை மதிப்பிட அவர் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களில் பயிரை அறுத்து எடைபோடச் செய்தார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய பி. வி. சுகாத்மே, இவ்வளவு சிறிய துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று வாதிட்டார். காரணம் எளிது. விளிம்பில் நிற்கும் செடி உள்ளா வெளியா என்ற ஐயம் வரும்போது அறுப்பவரின் கை உள்ளே சேர்க்கவே நீள்கிறது. 4 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு சதுர அடிக்கு அரை அடி விளிம்பு இருக்கிறதென்றால், 2 அடி ஆரத்தில் அது ஓர் அடியாகிவிடும். துண்டு சிறுக்கச் சிறுக்க ஐயத்துக்கு இடம் கூடுகிறது. நான் கல்லூரியில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருமுறை நெல்வயலுக்கு அழைத்துச் சென்று நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டச் சொன்னேன். கயிற்றின் மேல் சாய்ந்திருந்த கதிரை யார் கணக்கில் சேர்ப்பது என்று அரைமணி நேரம் வாதிட்டார்கள். இந்த விவாதத்தில் சுகாத்மேயின் பக்கமே வலுவானது என்பது என் கருத்து. லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த அவர், 1951 முதல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளியியல் பிரிவை இருபது ஆண்டுகள் வழிநடத்தினார். அவரும் உங்கள் கேள்விக்கு ஒரு விடைதான்.

1949இல் மகலனோபிஸ் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். மறு ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. இந்திய வீடுகள் எதைத் தின்கின்றன, எதற்குச் செலவிடுகின்றன என்பதைச் சுற்றுச் சுற்றாகக் கேட்டறிந்த அந்த ஆய்வில்லாமல், வறுமையைப் பற்றிப் பின்னாளில் நடந்த எந்த விவாதத்துக்கும் காலூன்ற இடமிருந்திருக்காது. அவருடைய பணிகளில் மிகப் பெரியது இதுவே.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அவர் 1955இல் வகுத்த வரைவைப் பற்றி எனக்கு அதே மதிப்பு இல்லை. கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்த அந்தக் கணித வடிவம், மிகக் குறைந்த தரவின் மேல் மிகப் பெரிய முடிவுகளை ஏற்றியது. சணல் வயலில் ஒவ்வொரு எண்ணையும் இருமுறை சோதித்தவர், இங்கே தம் சமன்பாடுகளில் இட்ட எண்களை அதே கண்டிப்போடு சோதிக்கவில்லை. அவ்வாண்டிலேயே பொருளியலாளர் பி. ஆர். ஷெனாய் மாற்றுக் குறிப்பு எழுதினார்; அது உரிய கவனத்தோடு கேட்கப்பட்டிருக்க வேண்டும். அளப்பவரே ஆள்பவரின் முடிவையும் வகுக்கத் தொடங்கினால் அவருடைய எண்களைக் கேள்வி கேட்க அருகில் யாரும் இருப்பதில்லை. பொதுப்பணியில் உண்மையான ஆபத்து இதுதான். உங்கள் பேராசிரியர் அஞ்சும் படிவங்கள் அல்ல.

கோட்பாட்டையே விரும்புகிறவருக்கும் தரவின் பக்கம் போகாமல் தீராது. சி. ஆர். ராவ் 1945இல், 25 வயதில், மதிப்பீட்டின் துல்லியத்துக்கு எல்லை வகுத்த கட்டுரையை எழுதியவர். அதற்கடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனது சூடானில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புக்கூடுகளை அளந்த தரவுகளை மகலனோபிஸின் தொலைவு அளவைக்கொண்டு, அதாவது இரு குழுக்கள் பல அளவுகளில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவைக்கொண்டு, ஆராய்வதற்காக. அந்த வேலையினூடேதான் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஆகவே தேர்வை எழுதுங்கள். தேறினால், தலைமை அலுவலகத்துக்கு ஆசைப்படாமல் களப்பணிப் பிரிவில் முதல் இரண்டு ஆண்டுகளைக் கேட்டுப் பெறுங்கள். கணக்கெடுப்பாளர்களோடு வீட்டுப் படியேறி, அவர்கள் கேட்கும் கேள்வியையும் எழுதும் விடையையும் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கெங்கே இரண்டும் விலகுகின்றன என்று குறித்து வையுங்கள். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேடும் நாளில் அந்தக் குறிப்பேட்டை உங்கள் பேராசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.